உன் அம்மாவின் முழங்காலுக்கு நான் சொன்ன பதில்

தம்பி,

உறை கனமாக இருக்கிறதே என்று பயந்துவிடாதே. வீட்டில் யாருக்கும் ஒன்றும் ஆகிவிடவில்லை. உன் அம்மா அடுத்த அறையில் ரேடியோவைப் போட்டுவிட்டுச் சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருக்கிறாள். சாயங்காலம் என்பதால் உரிக்க முடிகிறது. காலையில் அவளால் முடியாது. அது ஏன் என்று எனக்கே சமீபத்தில்தான் தெரிந்தது. அதை உனக்குச் சொல்லத்தான் இத்தனை தாள். போன வாரம் நீ போனில், "அம்மா ஆபரேஷனுக்கு நான் எப்போ லீவு போடணும்?" என்று கேட்டாய். "தள்ளிப் போயிருக்குப்பா, விவரமா எழுதறேன்" என்று சொல்லி வைத்துவிட்டேன். பூத்தில் எனக்குப் பின்னால் ஆட்கள் காத்திருந்தது உண்மைதான். ஆனால் நான் போனை வைத்தது அதனால் இல்லை. உன் குரலைக் கேட்டுக்கொண்டே அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. எழுதினால் நீ நடுவில் குறுக்கிட்டு "ஏம்பா இப்படிப் பண்ணீங்க?" என்று கேட்க முடியாதல்லவா. கோழைத்தனம்தான். இருக்கட்டும். இந்த மாதிரிக் கடிதத்தை மற்ற அப்பாக்கள் மகனுடைய கல்யாணத்துக்கு முன்னாலேயே எழுதிவிடுவார்கள். நான் உன் கல்யாணம் முடிந்து, நீயும் ஜெசிந்தாவும் வந்து ஒரு கிறிஸ்துமஸும் கொண்டாடிவிட்டுப் போன பிறகு எழுதுகிறேன்.

அம்மாவின் வலது முழங்கால் வலி உனக்குத் தெரிந்ததுதான். தைலம் தடவினோம், எலாஸ்டிக் பட்டை மாட்டினோம், கம்பெனி டாக்டர் கொடுத்த மாத்திரையைத் தின்று அவளுக்கு வயிறு எரிந்ததுதான் மிச்சம். கடைசியில் அவர் ஒரு சீட்டு எழுதிக் கொடுத்து, நகரத்தில் ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னார். அங்கே இருந்த எலும்பு டாக்டர் இளவயதுக்காரர், வெளிநாட்டில் படித்துவிட்டு வந்தவர், ஆனால் அந்த அலட்டல் இல்லாதவர். மேஜைமேல் வைத்திருந்த பிளாஸ்டிக் எலும்பைக் கையில் எடுத்து எங்களுக்கு விளக்கினார். "முழங்காலுக்குள்ள மூணு இடம் இருக்கு. உள்பக்கம், வெளிப்பக்கம், முன்னால சில்லுக்கு அடியில. உள்பக்கம் மட்டும் தேஞ்சிருந்தா அங்க மட்டும் உலோகம் வச்சாப் போதும், மத்ததைத் தொட வேண்டாம். சின்ன ஆபரேஷன், சீக்கிரம் நடக்கலாம். ஆனா எல்லாருக்கும் அது ஒத்துவராது. ஜவ்வு நல்லா இருக்கணும். வேற மூட்டுல நோய் இருக்கக் கூடாது. இருந்தா பாதி மாத்தறது வீண், மீதிப் பாதியும் கெட்டுப்போகும், திரும்ப அதே கால்ல கத்தி வைக்கணும். அதனால நிறையக் கேள்வி கேப்பேன், நிதானமா யோசிச்சுச் சொல்லுங்க" என்றார். அவர் அதைச் சொன்னது உன் அம்மாவைப் பார்த்து. தலையாட்டியது நான்.

எனக்கு ஏன் அந்த ஆபரேஷன் உடனே பிடித்துப்போயிற்று என்று உனக்குப் புரியும். அம்பத்தூர் எஸ்டேட்டில் இத்தனை வருஷமாக மெயின்டனன்ஸ் ஃபிட்டராக இருக்கிறவன் நான். தேய்ந்ததை மட்டும் மாற்று, நன்றாக இருப்பதில் கை வைக்காதே என்பதுதான் என் வேலையே. சுழல்கிற ஷாஃப்டைத் தாங்கும் புஷ் தேய்ந்திருந்தால் புஷ்ஷை மாற்றுவோம், ஷாஃப்டையும் சேர்த்துக் கழற்றிப் போடுகிறவனை நாங்கள் ஃபிட்டர் என்றே சொல்லமாட்டோம். டாக்டர் பேசப் பேச எனக்கு எங்கள் கம்பெனி ஆள் ஒருவர் வெள்ளைக் கோட்டு மாட்டிக்கொண்டு பேசுகிற மாதிரி இருந்தது. பாதி மாற்றினால் போதும் என்று அவர் முடிவு செய்வதற்கு முன்பே நான் மனதுக்குள் முடிவு செய்துவிட்டேன். அதற்குப் பிறகு அவர் கேட்ட ஒவ்வொரு கேள்விக்கும் என் முடிவுக்குத் தோதான பதில் தானாகவே என் வாயிலிருந்து வந்தது. நான் பொய் சொல்கிறேன் என்று எனக்கு ஒரு நிமிஷம்கூடத் தோன்றவில்லை.

முதல் கேள்வி, எங்கே வலிக்கிறது என்பது. "ஒரே ஒரு விரலால காட்டுங்கம்மா" என்றார். உன் அம்மா கையைத் தூக்கினாள். அது முழங்காலுக்குப் போய்ச் சேர்வதற்குள் நான் குனிந்து, என் விரலை அவள் முழங்காலின் உள்பக்கத்தில் வைத்து, "இங்கதான் சார்" என்றேன். டாக்டர் சிரித்துக்கொண்டே, "அவங்க சொல்லட்டுமே" என்றார். "அவ பேசமாட்டா சார், கூச்சப்படுவா" என்றேன். அவள் தூக்கின கையைத் திரும்ப மடியில் வைத்துக்கொண்டாள். அப்புறம் காலை மடக்கிப் பார்த்தார், நீட்டிப் பார்த்தார், இப்படி அப்படி அசைத்துப் பார்த்தார். "முட்டி போட முடியுதாம்மா?" என்று கேட்டார். "வாராவாரம் கோயில்ல போடுவா சார்" என்றேன். "காலையில எழுந்ததும் வேற எங்கயாவது இறுக்கம், வீக்கம் இருக்கா? கை, மணிக்கட்டு?" "அதெல்லாம் ஒண்ணும் இல்ல சார், இந்த ஒரு கால்தான்" என்றேன். அவர் ஒரு தடவை அவளைப் பார்த்தார். அவள் என்னைப் பார்த்தாள். பிறகு தலையை ஆட்டினாள். எக்ஸ்ரேயிலும் உள்பக்கம்தான் அதிகமாகத் தேய்ந்து தெரிந்தது. "நீங்க சொல்றதும் படமும் ஒத்துப்போகுது. பாதி மாத்தினாப் போதும்னுதான் தோணுது" என்று சொல்லித் தேதி கொடுத்துவிட்டார்.

மறுநாள் கம்பெனியில் நான் அடித்த தம்பட்டத்தை நீ கேட்டிருக்க வேண்டும். கேன்டீனில் உட்கார்ந்துகொண்டு, டம்ளரைக் கவிழ்த்து வைத்து, இதுதான் தொடை எலும்பு, இது கால் எலும்பு என்று பாடம் எடுத்தேன். எனக்குக் கீழே வேலை பார்க்கிற தேவராஜ் விழுந்து விழுந்து சிரித்தான். "இன்னா நைனா, வுட்டா ஊட்ல அம்மாவோட முட்டிய நீயே கயட்டி மாட்டிடுவ போல கீதே" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. அதே தேவராஜுக்கு நான் தொழில் சொல்லிக் கொடுத்தபோது முதலில் சொன்னது என்ன தெரியுமா? சத்தம் வருகிற மெஷினிடம் போனால் மெஷினைத் தொடாதே. அதை ஓட்டுகிறவனைக் கூப்பிடு. எப்போது சத்தம் வருகிறது, காலையில் ஸ்டார்ட் பண்ணினதும் வருகிறதா, லோடு ஏறினால் வருகிறதா என்று கேள். அவன் சொல்லி முடிக்கிறவரை வாயைத் திறக்காதே. இதை நான் எத்தனையோ பையன்களுக்குச் சொல்லியிருக்கிறேன். அந்த முழங்காலை இத்தனை வருஷம் ஓட்டுகிறவள் பக்கத்து நாற்காலியில்தான் உட்கார்ந்திருந்தாள்.

அந்த முழங்கால் அப்படித் தேய்ந்ததிலும் என் பதில் ஒன்று இருக்கிறது. வெள்ளானூரில் இந்த மனையை வாங்கியபோது நீ கைக்குழந்தை. சுற்றிலும் வயல், நடுவில் கல் நட்டு வைத்திருந்தார்கள். மனை காட்டியவர் நல்ல மனுஷர். "வீட்டம்மாவையும் ஒருதரம் கூட்டியாந்து காட்டுங்களேன்" என்றார். "அவளுக்கு எல்லாம் சரிதான்" என்றேன். கிரயம் முடித்துவிட்டுத்தான் அவளுக்குக் காட்டினேன். அவள் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, "பஸ்ஸு எங்க வரும்?" என்று கேட்டாள். வரும் வரும் என்றேன். பஸ் வர வருஷங்கள் ஆயின. அதுவரைக்கும் அவள்தான் நடந்தாள். தண்ணீருக்கு நடந்தாள், ரேஷனுக்கு நடந்தாள், மண்ணூர்பேட்டையில் தையல் கம்பெனி வேலைக்குப் போனபோது அண்ணனூர் ஸ்டேஷன் வரைக்கும் நடந்து, அந்தப் பாலத்தில் ஏறி இறங்கி ரயில் பிடித்தாள். வீட்டில் ஒரு சைக்கிள் இருந்தது. அது என்னுடையது. ஷிப்டுக்கு நேரத்தோடு போக வேண்டியவன் நான் என்பதில் வீட்டில் யாருக்கும் சந்தேகம் இருந்ததில்லை. நீ பூனாவில் வேலை கிடைத்தது என்று சொன்னபோதும், "அம்மா என்ன சொல்றாங்க?" என்று கேட்டாய். "அவளுக்குச் சம்மதம்தான், நீ போ" என்றேன். அன்றைக்கு அவள் சமையல்கட்டில் முகத்தைத் திருப்பிக்கொண்டு கண்ணைத் துடைத்ததை நான் புகை என்று எடுத்துக்கொண்டேன். நம் வீட்டில் கேஸ் அடுப்பு வந்து அப்போதே நாளாகியிருந்தது.

இப்போது கோயில் விஷயத்துக்கு வருகிறேன். நம் கோயிலில் ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம் என்பது உனக்குத் தெரியும். என்னைப் போன்ற ஆண்கள் எந்தப் பக்கமும் இல்லை, வெளியே வேப்ப மரத்தடிதான் எங்கள் பக்கம் என்பதும் தெரியும். பிரசங்கம் ஆரம்பித்ததும் வெளியே வந்துவிடுவோம், கடைசியில் நன்மை அப்பம் வாங்க மட்டும் உள்ளே போவோம். சாமியார் எத்தனையோ தடவை திட்டிப் பார்த்து ஓய்ந்துவிட்டார். ஆபரேஷனுக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை, பிரசங்கத்தின் நடுவிலேயே மழை பிடித்துக்கொண்டது. வேறு வழியில்லாமல் எல்லோரும் உள்ளே ஓடினோம். பக்கத்து வாசல் வழியாக நுழைந்ததால் நான் நின்ற இடத்திலிருந்து பெண்கள் பக்கம் முழுக்கத் தெரிந்தது. சாமியார் அப்பத்தை உயர்த்திக் காட்டுகிற எழுந்தேற்றத்துக்கு மணி அடித்தார்கள், எல்லோரும் முட்டி போடுகிற நேரம். முக்காடு போட்ட தலைகள் எல்லாம் ஒன்றாகக் கீழே இறங்கின. ஒரு தலை மட்டும் இறங்கவில்லை. சுவர் ஓரத்தில் கிழவிகளுக்காகப் போட்டிருக்கிற பெஞ்சில் ஒருத்தி உட்கார்ந்தபடியே இருந்தாள். பக்கத்திலிருந்த கிழவிகூட எப்படியோ பெஞ்சைப் பிடித்துக்கொண்டு முட்டி போட்டுவிட்டாள். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. ஆண்டவருக்கு முன்னால் கால்மேல் கால் போடாத குறையாக உட்கார்ந்திருக்கிறாளே, யார் இவள் என்று எட்டிப் பார்த்தேன். நீ கிறிஸ்துமஸுக்கு எடுத்துக் கொடுத்த நீலப் புடவை, தம்பி.

வாராவாரம் முட்டி போடுவாள் என்று நான் டாக்டரிடம் சொன்னேனே, அந்த வாராவாரமும் அவள் அந்த பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறாள். நான் வெளியே வேப்ப மரத்தடியில் போனஸ் பற்றிப் பேசிக்கொண்டிருந்திருக்கிறேன். பூசை முடிந்து மழையும் விட்டது. பஸ்ஸுக்கு நிற்கும்போது கேட்டேன், எத்தனை நாளாக முட்டி போடுவதில்லை என்று. "ரெண்டு வருசம் ஆவப்போவுது" என்றாள், யாருடைய சங்கதியையோ சொல்வது போல. எனக்கு வந்த கோபத்தை அவள்மேலேயே திருப்பினேன். "டாக்டர் கேட்டாரே, அப்ப ஏன் சொல்லல?" என்றேன். அவள் சேறு படாமல் புடவைக் கொசுவத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள். "டாக்டர் கேட்டாரு. நீங்க சொல்லிட்டீங்க. அப்பறம் நான் இன்னாத்த சொல்றது? இல்ல சார், அவரு சொல்றது பொய்யின்னா? நாலு பேரு எதிர்ல உங்கள நான் பொய்யாக்கவா?" என்றாள். கோபமாகச் சொல்லியிருந்தால்கூடப் பரவாயில்லை. சாதாரணமாகச் சொன்னாள். இத்தனை வருஷமும் நான் அவளுக்குப் பதிலாகப் பேசிய எல்லா இடத்திலும் அவள் இப்படித்தான் என் மானத்தைக் காப்பாற்றிக்கொண்டு வாயை மூடியிருக்கிறாள் என்று அந்த பஸ் ஸ்டாப்பில்தான் எனக்கு உறைத்தது.

வேறு எங்கே வலிக்கிறது என்று கேட்டேன். கேட்டுவிட்டு, எப்படியோ, வாயை மூடிக்கொண்டு நின்றேன். அவள் என் வாயைப் பார்த்தாள். நான் வழக்கம்போல நானே சொல்லிவிடுவேன் என்று காத்திருந்தாளோ என்னவோ. பிறகு சொன்னாள். "முட்டி உள்பக்கம் மட்டும் இல்லீங்க. முன்னாடியும் நோவுது, படி எறங்கினா உயிரு போவுது. இடது முட்டியும் ஆரம்பிச்சிகினு கீது. ஆனா அதெல்லாம்கூடத் தாங்கிக்கலாம். காலைல எழுந்தா இந்த வெரலுங்கதான் மடங்கவே மாட்டேங்குது. வெந்நீர்ல கொஞ்ச நேரம் வச்சிகினு இருந்தாத்தான் டம்ளரப் புடிக்க வருது." நான் அவள் கையைப் பார்த்தேன். விரல் கணுக்கள் வீங்கியிருந்தன. கல்யாணத்தில் நான் போட்ட மோதிரம் விரலில் இல்லை. கழற்றி எத்தனை நாள் ஆயிற்று என்று கேட்கப் போனேன். அந்தப் பதிலையும் கேட்க அன்றைக்குத் தெம்பில்லை, விட்டுவிட்டேன்.

தம்பி, நான் ஏன் உடைந்துபோனேன் என்றால், வெந்நீர் என்று அவள் சொன்னதும் எனக்குக் காபி ஞாபகம் வந்தது. கொஞ்ச காலமாகவே காலைக் காபி தாமதமாகத்தான் வந்துகொண்டிருந்தது. நான் பேப்பரை வைத்துக்கொண்டு வாசலில் உட்கார்ந்து, "ஒரு காபிக்கு இவ்ளோ நேரமா? பால்காரன் மாட்டைக் கூட்டியாந்து இங்கயே கறக்கறானா?" என்று கத்துவேன். நீங்கள் வந்திருந்தபோதுகூட ஜெசிந்தா எதிரில் ஒரு காலை அப்படிக் கத்தினேன், நீயும் சிரித்தாய். உள்ளே உன் அம்மா எனக்குக் காபி போடுவதற்காகத் தன் விரல்களை வெந்நீரில் வைத்துக்கொண்டு, அவை மடங்குவதற்காகக் காத்திருந்திருக்கிறாள். இதை எழுதும்போது என் முகம் எரிகிறது. பாவசங்கீர்த்தனத்தில் சாமியாரிடம் சொல்லலாமா என்று யோசித்தேன். ஆனால் அவர் என்ன செய்வார், பத்து அருள்நிறை மந்திரம் சொல்லச் சொல்லி அனுப்பிவிடுவார். அது இதற்குப் போதாது.

மறுநாளே லீவு போட்டுவிட்டு அவளை அதே டாக்டரிடம் கூட்டிப்போனேன். எங்கள் பெயரைக் கூப்பிட்டதும் எழுந்தாள். நான் எழுந்திருக்கவில்லை. "நீங்க வரல?" என்றாள். "நீ போ, நான் இங்கேயே உட்கார்ந்திருக்கேன்" என்றேன். கொஞ்சம் பயந்துதான் போனாள். அறைக் கதவு மேலும் கீழும் திறந்த அரைக் கதவு. அவள் கால் மட்டும் கீழே தெரிந்தது. முதலில் டாக்டர் குரல், பிறகு உன் அம்மாவின் குரல். அது நிற்கவே இல்லை, தம்பி. என்ன சொல்கிறாள் என்பது காதில் விழவில்லை, ஆனால் குரல் மட்டும் வந்துகொண்டே இருந்தது. நடுவில் ஒருமுறை சிரிப்புக்கூடக் கேட்டது. இத்தனை பேச்சு இவளிடம் இருக்கிறதா என்று நான் அந்த பெஞ்சில் உட்கார்ந்துகொண்டு ஆச்சரியப்பட்டேன். உள்ளே போய், அவள் சொல்வதில் எதையாவது திருத்த வேண்டும் என்று கால் பரபரத்ததையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

ஆபரேஷன் தேதியைத் தள்ளி வைத்துவிட்டு, ரத்தம் எடுத்துப் பார்த்து, கையையும் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்து, சில நாள் கழித்து டாக்டர் எங்கள் இருவரையும் கூப்பிட்டார். இது வெறும் தேய்மானம் இல்லை என்றார். உடம்பே தன் மூட்டுகளின் உள் ஜவ்வைத் தின்கிற வாத நோய், கையிலும் காலிலும் சேர்ந்து இருக்கிறது. "இவங்களுக்குப் பாதி மாத்தறது பொருந்தாது. மாத்தியிருந்தா மீதிப் பாதியை இந்த நோய் தின்னிருக்கும். கொஞ்ச நாள்ல அதே கால்ல இன்னொரு பெரிய ஆபரேஷன் வந்திருக்கும். நல்லவேளை" என்றார். நான் எழுந்து நின்று, "தப்பு என்மேலதான் சார்" என்றேன். அவர் என்னை உட்காரச் சொன்னார். "நானும் அன்னிக்கு அவங்களையே இன்னொருதரம் கேட்டிருக்கணும்" என்றார் அந்தப் பிள்ளை. பெரிய மனசு. ஆனால் அவருக்குப் பாதித் தப்பைக் கொடுத்து நான் பாதியாக்கிக்கொள்ள முடியுமா? அவர் ஒருமுறை பார்த்த நோயாளி அவள். என்னோடு வாழ்கிறவள் அவள்.

முதலில் நோயை அடக்க மருந்து. அடங்கின பிறகும் முழங்கால் வலி இப்படியே இருந்தால், முழு மூட்டையும் மாற்றலாம், மாற்றாமல் வலிக்கு மட்டும் பார்த்துக்கொண்டும் காலம் தள்ளலாம், அது அம்மா முடிவு என்று சொல்லிவிட்டார். அம்மா முடிவு என்றதும் வாய் திறக்கப் போய் நான் நாக்கைக் கடித்துக்கொண்டேன். நிஜமாகவே கடித்துக்கொண்டேன், ரத்தம் வந்தது.

இதை உன்னிடம் சொல்ல இன்னொரு காரணமும் இருக்கிறது. அதைச் சொன்னால் கோபித்துக்கொள்வாய், கோபித்துக்கொள். கிறிஸ்துமஸுக்கு வந்திருந்தபோது அம்மா ஜெசிந்தாவிடம் "காபியாம்மா, டீயா?" என்று கேட்டாள். "அவ டீ குடிக்க மாட்டா, காபியே குடுங்க" என்று நீ சொன்னாய். அவள் தங்கச்சி கல்யாணத்துக்கு எப்போது போகிறாள் என்று அவளையே கேட்டேன், நீ சொன்னாய். வேலைக்குப் போக ஆசையா என்று பக்கத்து வீட்டு அக்கா கேட்டதற்கும், "இப்போதைக்கு வேணாம்னு நெனைக்கிறா" என்று நீதான் சொன்னாய். அவள் ஒவ்வொரு தடவையும் வாயைத் திறந்து, பிறகு மூடிக்கொண்டாள். அதைப் பார்த்து எனக்கு அன்றைக்குச் சந்தோஷமாக இருந்தது, மகன் பெண்டாட்டியை எவ்வளவு தெரிந்து வைத்திருக்கிறான் என்று. இப்போது அந்தச் சந்தோஷம் இல்லை. இதை நீ வேறு எங்கேயும் கற்றுக்கொள்ளவில்லை. என்னைப் பார்த்துத்தான் வளர்ந்தாய். அன்பில்லாமல் செய்கிற காரியம் இல்லை இது, அதனால்தான் நமக்கு இது தப்பாகவே தெரிவதில்லை. அவளுக்குச் சிரமம் வைக்காமல் நாமே சொல்லிவிடுகிறோம் என்றுதான் நினைத்துக்கொள்கிறோம். நீ எனக்கு ஒரு உபகாரம் செய்வதாக இருந்தால், யாராவது அவளிடம் ஏதாவது கேட்கும்போது கொஞ்சம் சும்மா இரு. முதலில் மூச்சு முட்டும். எனக்கு முட்டியது.

இனி உன் கேள்விக்கு வருகிறேன். நேற்று மாத்திரை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்ததும், என்ன செய்யப் போகிறாய் என்று அம்மாவைக் கேட்டுவிட்டு, அவள் துணி மடித்து முடிக்கிறவரை காத்திருந்தேன். "மருந்து சாப்ட்டுப் பாக்கறேன். அப்பறமும் நோவுச்சின்னா முழுசாவே மாத்திக்கறேன். கோயில்ல முட்டி போட முடியலன்னாலும் பரவால்ல, நடந்தாப் போதும்" என்றாள். சரி என்றேன். "ஆனா ஆஸ்பத்திரில என்கூட உள்ள ஜெசிந்தா இருக்கட்டும்" என்றாள். ஜெசிந்தா எதற்கு என்று கேட்டேன். கிறிஸ்துமஸுக்கு மறுநாள் காலையில் வெந்நீரில் கை வைத்துக்கொண்டு நின்றபோது, ஜெசிந்தா பின்னால் வந்து, "எங்க வலிக்குது அத்தை?" என்று கேட்டாளாம். கேட்டுவிட்டுப் பேசாமல் பக்கத்திலேயே நின்றாளாம். "அந்தப் பொண்ணு ஒருத்திதாங்க கேட்டுட்டு நின்னுது" என்றாள். "அப்ப நான்?" என்று கேட்டேன். உன் அம்மா மடித்த துணியைக் கையில் எடுத்துக்கொண்டாள். "நீங்க வெளியில உக்காருங்க. அன்னிக்கு உக்காந்தீங்களே, அது நல்லா இருந்துது" என்றாள்.

நான் உட்கார்ந்துகொள்கிறேன். எத்தனை நாள் ஆனாலும் உட்கார்ந்துகொள்கிறேன். நீ இந்தக் கடிதத்தை ஜெசிந்தாவிடம் கொடுத்துப் படிக்கச் சொல். அவளால் வர முடியுமா, வர இஷ்டமா என்று கேள். வருவாள் என்று உனக்கு நிச்சயமாகத் தெரிந்திருந்தாலும் சரி, இதற்குப் பதிலை நீ எழுதாதே. அவள் எழுதட்டும்.

அப்பா